அம்மாவுக்குச் சேர் போடாதே

சுந்தரத்துக்கு அப்பா எழுதுவது. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது அப்பாவிடமிருந்து கடிதம் வந்தால், பத்திரிகையில் யாரோ சித்தப்பா பெயர் விட்டுப்போயிற்று என்றுதான் நினைப்பாய். பத்திரிகை சரியாக இருக்கிறது. சமையலுக்கும் மேளத்துக்கும் சொல்லியாயிற்று. விட்டுப்போனது வேறு ஒன்று. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வார்த்தையில் கத்திவிடுவேன், நீயும் "அப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக மைதானத்தில் கத்திய தொண்டை இது, மெதுவாகப் பேசு என்றால் அதற்குத் தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ரெண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பெங்களூருக்குக் கூரியரில் வரும். முழுசாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் செய்யாதே. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் பக்கத்தில் நடந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். காலை பதினோரு மணி. நம் வீட்டு மொட்டை மாடியில் உங்கம்மாவும் பக்கத்து வீட்டு மாரியக்காவும் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் வட்டம் கட்டிக் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் கல்யாணத்துக்குத்தான் ஒத்திகை. தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்து முற்றத்தில் அடிக்க வேண்டும் என்று ஒரு மாதமாக நடந்தது. நீ அம்மாவுக்கு வாங்கி அனுப்பினாயே, எத்தனை அடி நடந்தாள் என்று எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம், அதைக் கட்டியிருந்தாள். குனிந்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள். ஆள் விழுந்துவிட்டது என்று அந்தக் கடிகாரம் தானாக முடிவு பண்ணி உனக்குச் செய்தி அனுப்பிவிட்டது. நீ அலறி அடித்துக்கொண்டு போன் செய்தாய். அவள் மூச்சு வாங்க எடுத்து, சிரிப்பை அடக்க முடியாமல், "விழல ராசா, கும்மி அடிச்சோம்" என்றாள். நீ சிரிக்கவில்லை.

"இந்த வயசுல இது தேவையாம்மா? முட்டி தேஞ்சு கிடக்குன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? மண்டபத்துல இதெல்லாம் வேண்டாம். நிவேதா வீட்டு ஆளுங்க கோயம்புத்தூர்ல இருந்து வாராங்க, எங்க ஆபீஸ்ல இருந்து முப்பது பேர் வாராங்க. எல்லாரும் போன்ல படம் எடுப்பாங்க. முன்வரிசைல உங்களுக்குன்னு சோபா போடச் சொல்லிருக்கேன். மாப்பிள்ளையோட அம்மா, கௌரவமா உக்காந்திருங்க. அது போதும் எனக்கு." இவ்வளவும் ஸ்பீக்கரில் மாடி முழுக்கக் கேட்டது. உங்கம்மா "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்தாள், கடிகாரத்தைக் கழற்றினாள், கீழே போய் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். மாரியக்கா பின்னாலேயே வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு மதினி?" என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றாள். பதினோரு நாள் ஆகிறது. மாடிப் படியில் அவள் கால் வைக்கவில்லை. துணியை நான்தான் கொண்டுபோய்க் காயப் போடுகிறேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனைப் பிடுங்கி உன்னை நாலு வார்த்தை கேட்கத்தான் கை போனது. 'கௌரவமா உக்காந்திருங்க' என்று நீ சொன்னதும் கை அப்படியே நின்றுவிட்டது. அது உன் சொல் இல்லை சுந்தரம். என் சொல். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் அவளிடம் சொன்னது. நீ அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, அப்பன் குரல் எங்கே போகும்? உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணம் ஆன முதல் பங்குனி. விளாத்திகுளம் பக்கத்து நம் ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. முளைப்பாரிச் சட்டிகளை நடுவில் இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் சுற்றி நின்று கும்மி அடிப்பார்களே, அதில் உங்கம்மாவும் இறங்கினாள். அவள் பிறந்த ஊரில் கும்மிக்குப் பேர் போனவள் என்பதே எனக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போன அன்று சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், ஆடத் தெரியுமா என்று எவன் கேட்டான்? ரெண்டு சுற்று வந்ததுமே மற்றப் பெண்கள் அவள் காலைப் பார்த்துத் தங்கள் காலை மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, திரும்பும்போது சடை தோளைச் சுற்றி முன்னால் வந்து விழுகிறது. அவ்வளவு அழகாக இருந்தாள். அதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

நான் பெரிய மனிதர்கள் வரிசையில் இரும்பு மடக்குச் சேரில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். எங்கள் ஹெட்மாஸ்டரைக் கொடைக்கு அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அவர் கும்மியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் பெண்டாட்டி குதிப்பதை என் ஹெட்மாஸ்டர் பார்க்கிறாரே என்று எனக்குக் காதெல்லாம் சுட்டது. எழுந்து போய் வட்டத்துக்கு வெளியே நின்று, "ஏட்டி, வெளிய வா" என்றேன். "இன்னும் ஒரு சுத்துதான் இருக்கு" என்றாள். "வான்னா வா. நம்ம வீட்டு மருமக இப்படிக் குதிக்கக் கூடாது. அங்கன சேர் போட்டிருக்கு, கௌரவமா உக்காரு." வந்தாள். உட்கார்ந்தாள். சேலைக்குக் கீழே அவள் கால் மட்டும் கொஞ்ச நேரம் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அதுவும் நின்றுவிட்டது. எங்கப்பா அன்று இரவு சாப்பாட்டில், "வாத்தியான்னா வாத்தியாந்தான், பொண்டாட்டிய எங்க வைக்கணும்னு தெரிஞ்சு வச்சிருக்கான்" என்று என்னைப் பாராட்டினார். நானும் பூரித்துப் போனேன், மடையன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்ற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன் சார். உங்க ஊர்க் கொடைல உங்க வீட்டம்மா எவ்வளவு நல்லா கும்மி அடிச்சாங்க. எங்கம்மா ஞாபகம் வந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ஏன் பாதியில கூட்டிட்டுப் போனீங்க?" என்றார். நிவேதா வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நீ பயப்படுகிறாயே, அவர்களிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நானும் கேட்கவில்லை.

அந்தக் கொடையோடு உங்கம்மாவைச் சேர் பிடித்துக்கொண்டது. நம் பக்கத்தில் மரியாதை என்றால் சேர் போடுவதுதானே. கல்யாண வீடு, சாவு விழுந்த துஷ்டி வீடு, மகளிர் குழுக் கூட்டம், எங்கே போனாலும், "வாத்தியார் வீட்டம்மா வாராங்க, சேர் எடுத்துப் போடுங்கலே!" என்று ஒரு குரல் வரும். மற்றப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, எழுந்து, ஓடி, பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். இவள் சேரில் இருப்பாள். வருஷங்கள் போகப் போக உடம்பு ஊதியது, சர்க்கரை வந்தது, முட்டி பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஐம்பத்து நாலு வயதில் ஒருநாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸில் ஏறப் போனாள். முதல் படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. நான் பின்னால் நின்று தள்ளுகிறேன். கண்டக்டர் பையன் தங்கமானவன்தான், "ஆச்சி, மெதுவா, மெதுவா, கையக் குடுங்க ஆச்சி" என்று தூக்கிவிட்டான். பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, ஐம்பத்து நாலு வயதில் ஆச்சி! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பையன் மேல் அவளுக்குக் கோபமில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவன் சொன்னது சரியென்று அவளுக்கே பட்டுவிட்டது, அதுதான் அழுகை.

டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். அசைக்கச் சொல்லித்தானே நான் முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கினேன்! விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவளைக் கிளப்பி ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நடக்க வைத்தேன். அவள் நடப்பாள். நான் பக்கத்தில் மொபெட்டில் வருவேன், வாயில் விசிலோடு. சிரிக்காதே. உண்மையாகவே விசில் அடித்தேன். "கைய வீசு! வேமா! இன்னும் ஒரு ரவுண்டு!" மூன்றாவது வாரம் ஒரு கடலைமிட்டாய்க் கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரி" என்றேன். "மாட்டேன். நான் என்ன உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? நீங்க வண்டில சொகுசா வாரீங்க, நான் மாடு மாதிரி முன்னால போணுமாக்கும்?" என்றாள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார். "உன் நல்லதுக்குத்தானே சொல்லுதேன்" என்றேன். "என் நல்லதுக்குத்தான் அன்னைக்குக் கொடையிலயும் சொன்னீங்க" என்றாள். முப்பது வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், ஒரு கடலைமிட்டாய்க் கடை வாசலில் வைத்துப் போட்டு உடைத்துவிட்டாள். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அவள் கூடவே வீட்டுக்கு நடந்தேன். விசிலை அன்றைக்குச் சட்டைப் பையில் போட்டதுதான்.

அதற்குப் பிறகு ரெண்டு மூன்று வருஷம் மறுபடியும் சேர், டி.வி., மாத்திரை. நானும் ஓய்வு பெற்று எதிர்ச் சேரில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் தோள் பிடித்துக்கொண்டது, சட்டை மாட்ட அவள் உதவி வேண்டியிருந்தது. இப்படியே ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம், ஊரிலிருந்து வந்த மிளகாயை மாடியில் காயப் போட்டிருந்தோம். சாயங்காலம் அள்ளலாம் என்று சாக்கை எடுத்துக்கொண்டு படியேறினேன். மேலே "அவுட்டு! கோட்ட மிதிச்சிட்டீங்க மதினி, அவுட்டு!" என்று மாரியக்கா கத்துவது கேட்டது. மாரியக்கா யாரென்று உனக்குத் தெரியுமே, இருபத்தைந்து வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குனிந்த முதுகு நிமிராமல் கட்டையில் தீக்குச்சி அடுக்கியவள். இடுப்பு வலிக்கு மருந்து கேட்டு நம் வீட்டுக்கு வருவாள். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கையை ஆட்டிக் கத்துகிறாள். உங்கம்மா, மிளகாய்க்கு நடுவில் இடம் ஒதுக்கி, செங்கல் துண்டால் தரையில் கட்டம் போட்டு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக் குழாயை ஒரு கையால் பிடித்தபடி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லாத! காலு கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் இருந்துச்சு!" என்று சண்டை வேறு.

விழுந்து தொலைத்தால் என்ன ஆகும் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற வாத்தியார் வீட்டம்மா சிரிப்பு இல்லை. அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமும் என் கண் முன்னால் நடந்ததுதான். என் விசிலுக்கு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரக் காலை இழுத்து இழுத்து வரும் பிள்ளைகள், இடைவேளை மணி அடித்ததும் அதே மைதானத்தில் நாய் துரத்தினதுபோல ஓடுவார்கள். யாரும் ஓடச் சொல்லவில்லை, ஓட்டம் தன்னால் வந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே ஆசிரியர் அறையில் டீ குடித்தேன்.

அந்த ஆட்டத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? சில்லைத் தலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் "ரைட்டா?" என்று கேட்க வேண்டும். கால் கோட்டில் படாமல் இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பவர் "ரைட்டு" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்த அடி. உங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு "ரைட்டா?" என்று கேட்டாள். மாரியக்கா அதற்குள் என்னைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். உங்கம்மா ஒற்றைக் காலில் ஆடியபடி மறுபடி, "ரைட்டாட்டி?" என்றாள். நான் படியிலிருந்து "ரைட்டு" என்றேன். கண்ணைத் திறந்தாள். பயந்துதான் திறந்தாள், அதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்து முகம் அப்படி மாறும்படி நான் வாழ்ந்திருக்கிறேன் என்பதை உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நீயும் அதே முகத்தைச் சம்பாதிப்பாய்.

அன்றைக்குத்தான் உன்னைப் பற்றிய ஒரு விஷயமும் எனக்குத் தெரியவந்தது. "இந்த வயசுல இது எப்படி ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டேன். சொன்னாள். நீ பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால், நான் வேலைக்குப் போனதும், அடுப்படித் தரையில் கோலப்பொடியால் கட்டம் போட்டு நீங்கள் ரெண்டு பேரும் ஆடுவீர்களாம். நான் வரும் நேரத்துக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவாளாம். உனக்கு நாலு வயது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், நீ அடுப்படி வாசலில் நின்றுகொண்டு "ரைட்டு! ரைட்டு!" என்று கத்துவாயாம். கோட்டை மிதித்தாலும் ரைட்டுத்தானாம். "எம்புள்ள ஒருநாளும் என்னைய அவுட்டாக்கினதில்ல" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

மறுநாள் நானும் ஆட வருகிறேன் என்றேன். "வாத்தியாரே, விசிலக் கீழ வச்சிட்டு வாங்க" என்று மாரியக்கா கேலி செய்தாள். பி.டி. வாத்தியார் ஆயிற்றே என்று ஜம்பமாக ஒற்றைக் காலைத் தூக்கினேன். ஐந்து எண்ணுவதற்குள் தொட்டிமேல் போய் மோதினேன். ரெண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால் பிசகி மூன்று வாரம் நொண்டினேன், அந்த நொண்டியை மட்டும் நன்றாக ஆடினேன். முட்டி, முட்டி என்கிறாயே, உங்கம்மா டாக்டரிடம் கேட்காமல் ஒன்றும் செய்யவில்லை. "ஆடுங்கம்மா, வலிச்சா நிறுத்திருங்க" என்றுதான் அவரும் சொன்னார். வலிக்கிற நாளில் நொண்டுவது கிடையாது, ரெண்டு காலாலும் நடந்தே பாண்டி. குழாய்க்குப் பக்கத்தில்தான் கட்டம். மழை ஈரம் காயாமல் யாரும் இறங்கக் கூடாது. இதெல்லாம் அவளே போட்ட சட்டம். அதற்காகச் சர்க்கரை பறந்துபோய்விட்டது, முட்டி புதிதாகிவிட்டது என்று அளக்க மாட்டேன். மாத்திரை இன்னும் உண்டு. மழைக்காலத்தில் வலி இன்னும் உண்டு. ஆனால் டவுன் பஸ்ஸில் யாரும் கை கொடுக்காமல் ஏறுகிறாள். ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கும் என்னைப் பார்த்து, "வேமா ஏறுங்க தாத்தா" என்கிறாள். கொழுப்பு.

இந்தப் பங்குனிக் கொடைக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். முளைப்பாரியை இறக்கி வைத்ததும் வழக்கம்போல, "வாத்தியார் வீட்டம்மாவுக்குச் சேர் போடுலே!" என்று ஒரு குரல், ஒரு பிளாஸ்டிக் சேரும் வந்து சேர்ந்தது. அவள் வழக்கம்போல உட்காரப் போனாள். நான் அந்தச் சேரைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்தாள். "ஏட்டி, உள்ள போ. அன்னைக்கு ஒரு சுத்து பாக்கி இருந்துச்சுல்லா?" என்றேன். பக்கத்தில் நின்றவன் ஒருவன், "என்ன அண்ணாச்சி, சேர் விக்க வந்தீயளா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுப் போகட்டும். உங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். முதல் சுற்றில் கால் தடுமாறியது. ரெண்டாவது சுற்றில் பிடித்துவிட்டாள். மூன்றாவதில் மூச்சு வாங்கி வெளியே வந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உள்ளே போனாள். நான் சேரைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று அழுதேன். வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான், "எம்புள்ள கல்யாணத்துல நான் கும்மி அடிப்பேன்" என்றாள். அவள் தனக்காக ஒன்று கேட்டு நான் கேள்விப்பட்டது இந்த ஒன்றுதான்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா விழுந்தாள் என்று கையில் இருக்கும் போன் கத்தினால் நானும் அலறித்தான் இருப்பேன். அவள்மேல் உனக்குப் பாசம் இல்லாமல் அந்தக் கடிகாரத்தை வாங்கவில்லை. நாங்கள் விழவே மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கவும் என்னால் முடியாது. விழலாம். அறுபதும் அறுபத்து நாலும் ஆகிறது, ஒருநாள் ரெண்டு பேரில் ஒருவர் விழுந்து எழுந்திருக்காமலும் போகலாம். ஆனால் முப்பது வருஷம் அவள் பத்திரமாகச் சேரில் இருந்தாள், அப்போது அவள் பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இன்னொரு தரம் அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன தீபாவளிக்கு வந்தபோது தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட உன்னால் முடியவில்லை. சக்கரம் வைத்த சேரில் நாள் பூராவும் உருண்டு உருண்டு, முப்பத்தொரு வயதில் இடுப்புக்குப் பெல்ட்டு. ஓடுகிற மிஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாய். அதில் உன் பேன்ட்டுகள் காய்வதை வீடியோ காலில் உங்கம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்க விசில்தான், வேற உருவத்துல வந்திருக்கு." நிவேதாவோடு ஏதாவது விளையாடு. பந்து எறி, சைக்கிள் விடு, மொட்டை மாடியில் ஓடிப் பிடி, என்னவோ செய். யார் ஜெயித்தது என்று ரெண்டு பேரும் சண்டை போடுங்கள். ஆனால் அவளுக்கு நீ மாஸ்டர் ஆகாதே. அவள் எதிலாவது குதித்துக்கொண்டிருக்கும்போது நாலு பேர் பார்க்கிறார்களே என்று உனக்குக் காது சுட்டால், அந்த நாலு பேரில் உன் ஹெட்மாஸ்டரும் தன் அம்மாவை நினைத்துக்கொண்டு நிற்கலாம்.

மண்டபத்துக்காரரிடம் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். முன்வரிசை சோபாவில் உன் மாமனார் மாமியார் தாராளமாக உட்காரட்டும். எங்களுக்குப் போட வேண்டாம். மேடையில் ரெண்டு சேர் இருக்கிறது, உனக்கும் நிவேதாவுக்கும். அன்றைக்கு ஒருநாள் நீங்கள் உட்காருங்கள், நாங்கள் ஆடுகிறோம். ஆண்பிள்ளை கும்மி வட்டத்தில் சேரக் கூடாது என்று மாரியக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் நான் ஓரமாக நின்று கை தட்டுவேன். சேர் எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இதுவரை நேற்று ராத்திரி எழுதியது. இன்று காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. துணிக்கூடையை எடுத்துக்கொண்டு நான் படியேறும்போது உங்கம்மா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு தானே மேலே போனாள். பதினோரு நாளுக்குப் பிறகு. நான் படியில் நின்று பார்த்தேன். ஐப்பசி மழையில் கட்டமெல்லாம் அழிந்துபோயிருந்தது. துணியைக் காயப் போட்டுவிட்டு, செங்கல் துண்டை எடுத்து ஒரே ஒரு கட்டம் போட்டாள். அதில் போய் நின்றாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு "ரைட்டு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போது அவளுக்குப் போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பெரிதாக்காதே, அவளுக்குக் கூச்சமாகிவிடும். கல்யாண வேலை பற்றியும் கேட்காதே. அவள் "சொல்லுப்பா" என்பாள். "ரைட்டும்மா" என்று மட்டும் சொல். அடுத்த கட்டத்துக்கு அவளே காலை எடுத்து வைப்பாள்.

அப்பா